வாசலில் நிற்கும் வட்டி

(ஜாதவ்பூரில் தமிழன்பர்கள் கூட்டிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



என்ன தலைப்பில் பேசப் போகிறீர்கள் என்று இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர் தொலைபேசியில் கேட்டார். கந்துவட்டி என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "ஐயா, கொல்கத்தா வரைக்கும் வர்றீங்க. தாகூரைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசினா நம்ம ஆளுங்க சந்தோஷப்படுவாங்க" என்று இழுத்தார். கவலைப்படாதீர்கள், கந்துவட்டியைப் பற்றிப் பேசினால் தாகூரும் வருவார் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். தாகூர் வருகிறாரா இல்லையா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். கந்துவட்டி என்றால் அதிக வட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது. நூற்றுக்கு இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்காதே என்று எழுதிவைக்கிறது. ஆனால் அந்தத் தொழிலின் உயிர் வட்டி விகிதத்தில் இல்லை. அது வசூலில் இருக்கிறது. கடன்காரன் எங்கே வந்து நிற்கிறான், யார் முன்னால் கத்துகிறான், யார் அவனைத் தடுக்காமல் இருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வங்கியில் குப்பை கொட்டியவன் நான். கணக்கில்லாமல் எனக்குப் பேச வராது.

தண்டல் என்று ஒன்று. எல்லா ஊரிலும் உண்டு. 10,000 ரூபாய் கடன் என்று பெயர். முன்னாலேயே 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய், 100 நாள். கையில் ஒரு சின்ன அட்டை, அதில் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். வசூலுக்கு வருகிறவர் பைக்கை அணைக்காமல், காலை மட்டும் ஊன்றிக்கொண்டு, பணத்தை வாங்கி, கட்டத்தில் ஒரு கிறுக்கு கிறுக்கிவிட்டுப் போவார். கேட்டால் என்ன சொல்வார்? "நூத்துக்குப் பதினஞ்சுதானே சார்!" என்பார். அப்படியா? முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறதே! ஐம்பதாவது நாளில் பாதிப் பணம் அவர் பைக்குப் போயாயிற்று. அடுத்த தெருவில் அதையே இன்னொருவருக்கு விட்டாயிற்று. வங்கிக் கணக்குப்படி போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சதவீதம் வருகிறது.

காய்கறிச் சந்தையில் இன்னொரு வகை. விடியுமுன் 900 வாங்கி, பொழுது சாய்வதற்குள் 1,000 ஆகத் தர வேண்டும். ஒரு நாளைக்கு 11 சதவீதம். மாதத்தில் 25 நாள் கடை போடுகிற அம்மா ஒருவர் 900 ரூபாய் முதலுக்கு 2,500 ரூபாய் வட்டி கட்டுகிறார். இந்த மாதமும் கட்டுகிறார், அடுத்த மாதமும் கட்டுகிறார். அந்த 900 ரூபாய் மட்டும் அவருக்கு என்றைக்கும் சொந்தமாவதில்லை. இதற்கு மேல் மீட்டர் வட்டி இருக்கிறது, ரன் வட்டி இருக்கிறது, ராக்கெட் வட்டி இருக்கிறது. பெயர் வைப்பதில் நம் ஆட்களுக்குப் பஞ்சமே கிடையாது.

இந்த அம்மாவுக்குக் கணக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நம்மைவிட வேகமாக மனக்கணக்குப் போடுவார். பின் ஏன் வாங்குகிறார்? விடிகாலை நாலு மணிக்குச் சரக்கு லாரி வந்து நிற்கும்போது, 900 ரூபாயைக் கையில் வைக்க அந்த ஒருவர்தான் அங்கே நிற்கிறார். எந்த வங்கி நாலு மணிக்குத் திறக்கிறது? நான் வேலை பார்த்த வங்கி பத்து மணிக்குத் திறந்தது. பத்தே காலுக்கு மேலாளர் டீ குடிக்கப் போவார்.

ஆக, அவசர நேரத்தில் பணம் கொடுப்பது அவர் தொழிலின் முதல் பாதி. இரண்டாவது பாதிதான் இன்றைக்கு நம் பேச்சு. ஜாமீன் இல்லாமல் கொடுத்த பணம் எப்படித் திரும்பி வருகிறது? வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள், நிரப்பாத காசோலை வாங்குகிறார்கள். துப்புரவுப் பணியாளர்களிடம் ஏ.டி.எம். அட்டையையே வாங்கிக்கொண்டு, ரகசிய எண்ணையும் எழுதிக்கொள்கிறார்கள். சம்பளம் ஏறிய அன்றைக்கு முதலில் பணம் எடுப்பவர் கடன் கொடுத்தவர். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மேலே அடகு வைக்கப்படுவது மானம். தவணை தப்பினால் வாசலில் வந்து நிற்பார்கள். வீட்டில் வயதுக்கு வந்த பெண் இருக்கிறாள் என்று தெரிந்தே சத்தமாகப் பேசுவார்கள். எதிர்வீட்டுக் கதவு திறக்கும்வரை பேசுவார்கள். அந்தக் கதவு திறக்கக் கூடாது என்பதற்காகத்தான், தாலியை விற்றாவது, இன்னொருவரிடம் கடன் வாங்கியாவது கட்டுகிறார்கள்.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 மே மாதம் ஜி. வெங்கடேஸ்வரன் என்ற பெரிய திரைப்படத் தயாரிப்பாளர், மணிரத்னத்தின் அண்ணன், தற்கொலை செய்துகொண்டார். கடன் நெருக்கடிதான் காரணம் என்று ஊரெல்லாம் பேசியது. அதே ஆண்டில் அதீத வட்டி வசூலைத் தடை செய்யும் சட்டம் வந்தது. தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி என்று சந்தையில் புழங்கும் பெயர்களையே எடுத்துப் போட்டு விளக்கம் எழுதிய சட்டம் அது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடன் வாங்கியவரோ அவர் குடும்பத்தாரோ தொல்லை தாங்காமல் உயிரை விட்டால், கடன் கொடுத்தவரே தூண்டியதாகக் கருதப்படுவார். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. படித்துப் பார்த்தால் கடுமையான சட்டம்தான்.

பதினான்கு ஆண்டுகள் ஓடின. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். காசிதர்மம் கிராமத்திலிருந்து ஒரு கூலித் தொழிலாளி, அவர் மனைவி, இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகள் வந்தார்கள். 1,45,000 ரூபாய் கடனுக்கு 2,34,000 ரூபாய் கட்டியும் தீரவில்லை என்பது அவர்கள் முறையீடு. அது முதல் முறையீடு அல்ல. திரும்பத் திரும்ப மனு கொடுத்திருந்தார்கள். மனு, காகிதமாக ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், கடைசியில் காவல் நிலையத்துக்கே வந்து சேர்ந்தது. அந்தக் காவல் நிலையம் தங்களுக்காக எதுவும் செய்யவில்லை என்பதுதான் அவர்கள் புகாரே! அன்று அந்த வளாகத்தில் நால்வரும் தீக்கு இரையானார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இதைப் பற்றி ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார் என்று கார்ட்டூனிஸ்ட் பாலாவை இரண்டே வாரத்தில் சென்னைக்குப் போய்க் கைது செய்து, திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தார்கள். மனுவுக்குக் கிடைக்காத வேகம் ஒரு படத்துக்குக் கிடைத்தது. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

2022இல் கடலூர் மாவட்டத்தில் ஒரு காவலரே கந்துவட்டிக் கொடுமையால் உயிரை விட்டார். அதன் பிறகு அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு 'ஆபரேஷன் கந்துவட்டி' என்று மாநிலம் முழுக்கச் சோதனைக்கு உத்தரவிட்டார். காக்கிச் சட்டை போட்டவரின் வாசலுக்கும் அவர்கள் வந்து நிற்கிறார்கள் என்றால், காய்கறிக் கூடை சுமப்பவரின் வாசல் எம்மாத்திரம்?

சரி, திருநெல்வேலிக் கதையை ஜாதவ்பூரில் வந்து ஏன் சொல்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. மனு கொடுக்கப் போய் மாண்ட கதை அதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டது இந்த வங்காள மாகாணத்தில்தான்.

1855 ஜூன் 30. போக்னாதி என்ற கிராமம், இன்றைக்கு ஜார்கண்டில் இருக்கிறது. சித்து, கானு என்ற இரண்டு சகோதரர்களின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கான சந்தால் பழங்குடி மக்கள் கூடினார்கள். காட்டை வெட்டிக் கழனியாக்கியவர்கள் அவர்கள். அந்தக் கழனியில் விளைந்ததை அள்ளிப் போனவர்கள் மகாஜன்கள், அதாவது வட்டிக்கடைக்காரர்கள். வட்டி 50 சதவீதத்தில் தொடங்கி 500 வரை போயிற்று என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மகாஜனிடம் இரண்டு எடைக்கற்கள் இருக்குமாம். சந்தாலிடம் நெல் வாங்கும்போது வைப்பது 'கேனாராம்', கனமானது. சந்தாலுக்கு உப்பும் எண்ணெயும் விற்கும்போது வைப்பது 'பேச்சாராம்', லேசானது. ராமன் பெயரிலேயே இரண்டு கல்! கடனைக் கட்ட முடியாதவன் மகாஜன் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அவன் செத்தால் மகன் உழைக்க வேண்டும்.

போக்னாதியில் கூடியவர்கள் எடுத்த முதல் முடிவு என்ன தெரியுமா? வில்லை எடுப்பது அல்ல. கல்கத்தாவுக்கு நடந்தே போய், கவர்னர் ஜெனரலிடம் நேரில் முறையிடுவது. ஆமாம், இந்த ஊருக்குத்தான் வரப் புறப்பட்டார்கள்! வழியில் தாரோகா வந்தார். தாரோகா என்றால் அந்தக் காலத்துக் காவல் ஆய்வாளர். யாருடைய பேச்சைக் கேட்டு வந்தார்? மகாஜன்களின் பேச்சைக் கேட்டு. சித்துவையும் கானுவையும் பிடிக்க வந்தார். அங்கே அவர் கொல்லப்பட்டார். பிறகு நடந்தது போர். நவம்பரில் ராணுவச் சட்டம். ஆறேழு மாதங்களுக்குள் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சந்தால்கள் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். வில்லும் அம்பும் வைத்திருந்தவர்கள் துப்பாக்கியின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்?

1855இல் மனு கல்கத்தா வந்து சேரவில்லை. 2017இல் மனு ஆட்சியர் அலுவலகம் வரை போய்ச் சேர்ந்தது. இத்தனை ஆண்டுகளில் நாம் கடந்து வந்த தூரம் அவ்வளவுதான்.

இப்போது தாகூர். அதோ, நண்பர் நிமிர்ந்து உட்காருகிறார்.

'காபூலிவாலா' கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம், படமாகவும் பார்த்திருக்கிறோம். 1892இல் எழுதிய கதை. தூரத்து மகளை நினைத்து, இங்கே ஒரு சிறுமிக்குப் பாதாம் பருப்பு கொடுக்கும் ரஹமத்துக்காக அழாதவர் யார்? ஆனால் ரஹமத் ஏன் சிறைக்குப் போனான்? கடனுக்குக் கொடுத்த சால்வையின் பாக்கியை ஒருவன் இல்லை என்று சொன்னான். கத்தி பேசியது. கதையில் அது ஒரு வரி. நிஜ வாழ்க்கையில் அது ஒரு தொழில். ஹூக்ளிக் கரையில் சணல் ஆலைகள் புகைந்த காலத்தில், சம்பள நாளன்று ஆலை வாசலில் நீளக் கம்பு ஊன்றிய ஆப்கானியர்கள் காத்திருப்பார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும் வந்த தொழிலாளி கூலியோடு வெளியே வர வேண்டும். வேறு வழி கிடையாது. அந்த வாசல் ஒன்றுதான்.

1929இல் விட்லி தலைமையில் தொழிலாளர் நிலையை ஆராய அரசு ஒரு ராயல் கமிஷனை அமைத்தது. 1931இல் அறிக்கை வந்தது. கடன் வசூலுக்காகத் தொழிற்சாலையைச் சூழ்ந்து நிற்பதையே குற்றமாக்க வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. அதைப் பின்பற்றி வங்காளத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம், 1934 என்று ஒன்று வந்தது. வேலை செய்யும் இடத்தின் வாசலில் கடனுக்காகக் காத்து நிற்பது குற்றம். வட்டி எத்தனை என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. எங்கே நிற்கிறாய் என்று கேட்டது!

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். வட்டிச் சட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சட்டத்தைச் சொல்வதே இல்லை. எனக்கோ, அத்தனை சட்டங்களிலும் நோயின் இடத்தைத் தொட்டது இதுதான் என்று படுகிறது. வட்டி விகிதத்தை நிரூபிக்க ஏழையிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? பத்திரத்தில் 10,000 என்றுதான் இருக்கும். 8,500 கொடுத்தேன் என்று எவன் எழுதித் தருவான்? ஆனால் வாசலில் நின்றதை நூறு பேர் பார்க்கிறார்கள். சாட்சிக்குப் பஞ்சமில்லை.

விகிதத்தைப் பிடிக்கும் சட்டமும் வங்காளத்தில் வந்தது. அந்தக் கதை இந்த ஜாதவ்பூருக்கு நெருக்கமான கதை. இங்கே விஜயகட், ஆசாத்கட், நேதாஜி நகர் என்று எத்தனை குடியிருப்புகள்! பிரிவினையின்போது கிழக்கு வங்காளத்திலிருந்து வெறும் கையோடு வந்தவர்கள் கட்டியவை. அவர்கள் விட்டுவந்த மண்ணில் என்ன நடந்தது? 1930 ஜூலையில், மைமன்சிங் மாவட்டத்துக் கிஷோர்கஞ்சில், விவசாயிகள் வட்டிக்கடைக்காரர்களின் வீடுகளைத் தாக்கிக் கடன் பத்திரங்களைப் பிடுங்கி அழித்தார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் சணல் விலை விழுந்த காலம் அது. கடன் வாங்கியவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடியானவர்கள். கொடுத்தவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். வயிற்றுப் பிரச்சினை மதப் பிரச்சினையின் உடையைப் போட்டுக்கொள்ள எத்தனை நாள் ஆகும்? பிரிவினைக்குக் காரணம் கடன்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பகையில் கடன் பத்திரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

குடியானவர்களின் கட்சியைக் கட்டிய ஃபஸ்லுல் ஹக் 1937இல் மாகாணப் பிரதமரானார். கடன் தீர்வு வாரியங்கள் ஊரூராகச் சூடுபிடித்தன. 1940இல் வங்காள வட்டிக்கடைக்காரர் சட்டம் வந்தது. அடகு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம், அடகு இருந்தால் 8 சதவீதம். தனி வட்டி மட்டுமே. அசலும் வட்டியும் சேர்ந்து அசலைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. அருமையான சட்டம். கைதட்டத் தோன்றுகிறது, இல்லையா? தட்டுவதற்கு முன்னால் அடுத்ததையும் கேளுங்கள்.

மகாஜன் கையைக் கட்டிக்கொண்டார். அவர் இடத்தில் கடன் கொடுக்க வேறு யாரும் வரவில்லை. மந்தத்தில் ஏற்கெனவே வற்றியிருந்த ஊர்க்கடன் இன்னும் வற்றியது. அவசரத்துக்குக் கடன் கிடைக்காதவன் என்ன செய்வான்? நிலத்தை விற்பான். 1943 பஞ்சம் வந்தது. புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸின் குழுவினர் அதன் பிறகு கணக்கெடுத்துப் பார்த்தார்கள். நெல் நிலம் வைத்திருந்த குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, நிலத்தை விற்றோ அடகு வைத்தோ இருந்தது. பஞ்சத்துக்குக் காரணம் வேறு, அதை இங்கே குழப்ப வேண்டாம். ஆனால் கடனின் கதவை மூடிவிட்டு வேறு கதவைத் திறக்காமல் போனால் நிலம் எந்த வழியாக வெளியே போகும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

அந்த வேறு கதவைத் திறக்கப் பார்த்த ஒருவர் இருந்தார். அவர்தான் நான் வாக்குக் கொடுத்த தாகூர்.

தாகூர் குடும்பத்துக்குக் காளிகிராம் என்றொரு ஜமீன் இருந்தது. அதன் தலைமையிடம் பதிசர், இன்று வங்கதேசத்தின் நவகாவ் மாவட்டம். குத்தகை வசூலைப் பார்க்கப் போன கவிஞர், குடியானவர்கள் மகாஜனிடம் சிக்கிக் கிடப்பதைக் கண்டார். 1905இல் அங்கே ஒரு விவசாய வங்கியைத் தொடங்கினார். நண்பர்களிடமும் தெரிந்தவர்களிடமும் தாமே கடன் வாங்கி முதல் போட்டார். மகாஜனைவிடக் குறைந்த வட்டிக்குக் குடியானவர்களுக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு தேசியக் கல்விக் கழகம் பிறந்தது. அதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்தக் கழகத்தின் வாரிசுதான் இங்கே நடக்கும் தூரத்தில் இருக்கும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். கல்விக் கழகத்தை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறோம். வங்கியை மறந்துவிட்டோம்.

1913இல் நோபல் பரிசு வந்தது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி எங்கே போயிற்று? பதிசர் வங்கியில் வைப்பாகப் போயிற்று. 'கீதாஞ்சலி' எழுதியவருக்கு உலகம் கொடுத்த பணம், காளை வாங்கவும் விதைநெல் வாங்கவும் மகாஜன் கடனை அடைக்கவும் குடியானவர் கைக்குப் போயிற்று! கவிதைக்கு இதைவிட நல்ல செலவு வேறு இருக்க முடியுமா?

பிறகு என்ன ஆயிற்று? முப்பதுகளில் கடன் நிவாரணச் சட்டங்கள் வந்தன. நான் சற்றுமுன் புகழ்ந்த அதே வகைச் சட்டங்கள். மகாஜனைக் கட்டிய கயிறு தாகூரின் வங்கியையும் சேர்த்துக் கட்டியது. கொடுத்த கடன் திரும்பவில்லை. வங்கி படுத்தது. நோபல் பணம் அதோடு போயிற்று. நூற்றுக்கு ஐம்பது வாங்கியவனையும், அவனிடமிருந்து மீட்க வந்தவரையும் சட்டம் ஒரே வரிசையில் நிறுத்தியது. எண்ணை மட்டும் பார்க்கும் சட்டத்துக்கு ஆள் தெரியாது.

நண்பரே, தாகூர் வந்துவிட்டார்!

இன்றைக்கு வருவோம். காலையில் கேனிங் லோக்கல், லட்சுமிகாந்தபூர் லோக்கல் வந்து நிற்கும்போது ஜாதவ்பூர் ஸ்டேஷனில் ஒருமுறை நின்று பாருங்கள். கூட்டம் கூட்டமாகப் பெண்கள் இறங்குவார்கள். உங்கள் வீடுகளில் பாத்திரம் துலக்குகிறவர்கள், சமைக்கிறவர்கள், வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள். பலர் சுந்தரவனப் பக்கத்து ஊர்க்காரர்கள். 2009 மே மாதம் ஐலா புயல் கடல் நீரை வயலுக்குள் கொண்டுவந்தது. 2020 மே மாதம் ஆம்பன் வந்தது. ஆண்கள் கேரளாவுக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் கூலி வேலைக்குப் போனார்கள். பெண்கள் இந்த ரயிலில் ஏறினார்கள். ஊரில் இருப்பவர்கள் மீன் பிடிக்கவும் தேன் எடுக்கவும் போக வேண்டும் என்றால் படகுக்கும் அரிசிக்கும் மகாஜனிடம் முன்பணம் வாங்க வேண்டும். அதற்கு இங்கே தாதன் என்று பெயர். பிடித்த மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும். இதில் வட்டி எத்தனை சதவீதம்? யாராலும் சொல்ல முடியாது. வட்டி மீன் விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

மகாஜனுக்கு மாற்றாகக் குழுக்கடன் வந்தது. தருமபுரியில் 1989இல் தொடங்கிய மகளிர் குழுக்களை நம் ஊர்ப் பெண்கள் அறிவார்கள். வங்காளத்தில் சந்திரசேகர் கோஷ் 2001இல் தொடங்கிய பந்தன், 2015இல் முழு வங்கியாகவே ஆனது. தண்டலின் 120 சதவீதத்தோடு ஒப்பிட்டால் குழுக்கடனின் இருபது, இருபத்தைந்து சதவீதம் எவ்வளவோ மேல். இதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆந்திரத்தில் 2010இல் என்ன நடந்தது? ஒருத்தி வாரத் தவணை கட்டவில்லை என்றால் குழுவின் மற்றப் பெண்களே அவள் வாசலில் போய் உட்கார வேண்டும். கடன்காரன் வர வேண்டிய வேலையே இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்களே வசூல்காரர்கள் ஆனார்கள். தற்கொலைகள் நடந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. விகிதம் குறைந்தது, வாசல் அப்படியே இருந்தது.

மாணவர்களே, இனி உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வாசல் எது தெரியுமா? உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. கைப்பேசிக் கடன் செயலி என்று வருகிறதே, அது உங்களிடம் சம்பளச் சீட்டுக் கேட்பதில்லை. தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கிறது, படங்களைப் பார்க்க அனுமதி கேட்கிறது. நீங்கள் விரலால் ஒரு தட்டுத் தட்டுகிறீர்கள். 5,000 கேட்டால் பிடித்தம் போக மூவாயிரத்துச் சொச்சம் வரும். ஏழாம் நாள் முழுத் தொகையும் திருப்ப வேண்டும். தவறினால் உங்கள் அப்பாவுக்கு, அத்தைக்கு, பேராசிரியருக்குச் செய்தி போகும். உங்கள் முகத்தை ஒட்டவைத்த ஆபாசப் படம் போகும். எதிர்வீட்டுக் கதவு ஒன்றுக்குப் பதிலாக, முந்நூறு கதவுகள் ஒரே நேரத்தில் திறக்கின்றன.

ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021 தொடக்கத்தில் எண்ணிப் பார்த்தபோது, ஏறத்தாழ 1,100 கடன் செயலிகள் புழங்கின. அவற்றில் 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள், கடன் செயலி எதுவும் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டன. கவனியுங்கள், மறுபடியும் வாசலைப் பற்றிய விதி! ஆலை வாசலில் நிற்காதே என்று 1934இல் சொன்னதை, கைப்பேசிக்குள் நுழையாதே என்று சொல்லியிருக்கிறார்கள். அனுமதி பெற்ற நிறுவனங்களை இது கட்டுப்படுத்தும். அந்த 600ஐ யார் கட்டுப்படுத்துவது? அது சைபர் காவல் பிரிவின் வேலை. 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வெட்கம்தான் அவர்களுடைய அடகு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொன்னால் இந்த அவையில் சிலருக்குக் கசக்கும். தண்டல்காரர் கையில் இருக்கும் பணம் யாருடையது? எல்லாம் அவருடையதா? எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் பணிக்கொடையை வாங்கி, வங்கி வட்டி கட்டுப்படியாகவில்லை என்று, நூற்றுக்கு இரண்டு, மூன்று வட்டிக்குத் தெரிந்த பைனான்ஸ்காரரிடம் கொடுத்துவைப்பார்கள். மாதாமாதம் வீட்டுக்கே பணம் வந்துவிடும். அவர் அதைப் பத்து வட்டிக்கு விடுவார். வாசலில் போய் நின்று கத்துவது அவருடைய ஆள். நாம் பூஜை அறையில் இருப்போம். கந்துவட்டிக்கு எதிராக ஊர்வலம் வந்தால் முன்வரிசையிலும் இருப்போம். உங்கள் சேமிப்புக்கு மாதம் இரண்டு வட்டி ஒழுங்காக வருகிறது என்றால், அதை யார் வீட்டு வாசலில் வசூல் செய்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல மாட்டார்கள்.

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். 2025இல் தமிழ்நாடு அரசு, மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. விகிதத்தை விட்டு வசூலைப் பார்க்கத் தொடங்கியிருப்பது நல்ல திருப்பம். ஆனால் புகாரை வாங்கிப் பதிவு செய்யும் எழுத்தர், கடன் கொடுத்தவரின் கூட்டாளியாக இல்லாமல் இருக்க வேண்டுமே! கந்துவட்டிப் புகாரை அதே காவல் நிலையத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது, வேறொரு அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று விதி வந்தால், அது இன்னும் மூன்று ஆண்டு சிறையைவிடப் பயன்படும் என்பது என் கருத்து.

ஜாதவ்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டடத்தில் இருபது வீடு என்றால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அங்கே வேலை செய்வார்கள். வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டு, 10,000 ரூபாயை ஒரு நோட்டோடு சங்கப் பொறுப்பாளரிடம் வையுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக் கட்டணம், ஊரில் கூரை பறந்துவிட்டது என்று கேட்டு வந்தால் வட்டியில்லாமல் கொடுங்கள். சம்பளத்தில் மாதம் கொஞ்சமாக, அவர் சம்மதிக்கும் அளவுக்கு மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். நோட்டில் அவரும் கையெழுத்துப் போடட்டும், அவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும். பணம் வராமல் போகும் சந்தர்ப்பமும் வரும். அப்போது அவருடைய வாசலுக்கு யாரும் போகக் கூடாது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடம் இன்னொன்றும் கேளுங்கள். சம்பளத்தை வங்கியில் போடுகிறீர்கள் அல்லவா, ஏ.டி.எம். அட்டை அவரிடம்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால், மறுநாள் வேலை நேரத்தில் ஒரு மணி நேரம் விடுப்புக் கொடுத்து, நீங்களும் கூடவே வங்கிக்குப் போங்கள். பழைய அட்டையை முடக்கிவிட்டுப் புதிய அட்டைக்கு எழுதிக் கொடுக்க ஒரு படிவம் போதும். கடன் கொடுத்தவர் அடுத்த நாள் வந்து சத்தம் போடுவார். அந்த நேரத்தில் அந்த அம்மா தனியாக நிற்காமல் இருக்க, உங்களில் யார் கீழே இறங்கி வருவீர்கள் என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. கடன் செயலியில் மாட்டியிருக்கும் பிள்ளைகள் யாராவது இருந்தால், கூட்டம் கலைந்த பிறகு பின்வாசல் பக்கம் வாருங்கள், தனியாகப் பேசுவோம். மற்றவர்கள் கேள்விகளை இப்போதே கேட்கலாம்.